விசைக்கு அடியில் என்ன இருக்கிறது?

நம் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சொந்தக் கற்றல் சாதனத்துடன்தான் இன்று பாடம் படிக்கிறார்கள். நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை விசைகளைத் தட்டுகிறார்கள. அந்த விசைக்கு அடியில் என்ன நடக்கிறது என்று கேட்டால், பலரிடம் பதில் இருக்காது. பழுதானால் புதிதாக வாங்கிக்கொள்ளலாம் என்பதே நமக்குப் பழகிவிட்டது.

சென்ற பள்ளி விடுமுறையில், உயர்நிலை இரண்டில் பயிலும் என் மகளுடன் சேர்ந்து 48 விசைகள் கொண்ட விசைப்பலகை ஒன்றைச் செய்தேன். மின்சுற்றுப் பலகை, விசைகள், டயோடுகள், சிறிய கட்டுப்பாட்டுச் சில்லு எல்லாம் தனித்தனியாக வந்தன. ஏறத்தாழ 200 இடங்களில் நாங்களே சால்டரிங் செய்ய வேண்டியிருந்தது.

48 விசைகளுக்கு 48 இணைப்புகள் வேண்டும் என்றுதான் அவள் எண்ணினாள். விசைகளை 4 கிடைவரிசை, 12 நெடுவரிசை எனப் பிரித்தால் 16 இணைப்புகளே போதும். வரைபடத் தாளில் ஒரு புள்ளியைக் குறிப்பதுபோல, எந்த வரிசைகள் சந்திக்கும் இடத்தில் விசை அழுத்தப்பட்டது என்பதைச் சில்லு கண்டறிகிறது. டயோடு மின்சாரத்தை ஒரே திசையில் செல்லவிடும். அது இல்லையென்றால், பல விசைகளைச் சேர்த்து அழுத்தும்போது அழுத்தாத எழுத்தும் திரையில் தோன்றக்கூடும்.

முதன்முறை கணினியில் இணைத்தபோது நான்கு விசைகள் வேலை செய்யவில்லை. நான்கும் ஒரே நெடுவரிசை. “ஒரு விசை மட்டும் என்றால் அதன் டயோடைப் பார்க்கலாம். வரிசையே போய்விட்டதே அப்பா, சில்லின் காலில்தான் கோளாறு,” என்றாள் மகள். அந்தக் காலில் சால்டர் சரியாகப் படியவில்லை. மீண்டும் சூடாக்கியதும் நான்கும் உயிர்பெற்றன. காரணத்தைத் தேடிச் செல்லும் இந்தப் பழக்கத்தை எந்தப் பயிற்சித் தாளும் அவளுக்கு இவ்வளவு விரைவில் தந்திருக்காது.

விசைகளின் பணியைத் தீர்மானிக்கும் கியூஎம்கே மென்பொருள் அனைவருக்கும் திறந்தது. ஒரே தட்டலில் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற அவள் தனி விசை ஒன்றை அமைத்துக்கொண்டாள். 1999ல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 முறையில், வலக்கையின் நடுவரிசையில் க, ப, ம, த, ந அமைந்திருப்பதையும் அப்போதுதான் கவனித்தாள். தமிழில் தட்டச்சு செய்வது சிரமம் என்று முன்பு சொன்னவள், இப்போது தமிழ்க் கட்டுரையைத் தானே தட்டச்சு செய்கிறாள்.

தேர்வு நேரத்தில் இதெல்லாம் தேவையா என்று பெற்றோர் கேட்கலாம். கடையில் இதைவிட மலிவாகவே விசைப்பலகை கிடைக்கும் என்பதும் உண்மை. ஆனால், கடையில் வாங்கியது பழுதானால் குப்பைக்குப் போகும். நாமே செய்ததைத் திறந்து பார்க்கத் துணிவோம்.

பள்ளிகள் இணைப்பாட நடவடிக்கைகளில் இதற்கு இடம் தரலாம். சால்டரிங் கருவியின் முனை 300 பாகை செல்சியசுக்கு மேல் சுடும். எனவே பெரியவர் துணை, பாதுகாப்புக் கண்ணாடி, காற்றோட்டமான அறை மூன்றும் கட்டாயம்.

இளையர்களே, முதலில் நான்கைந்து விசைகள் உள்ள சிறிய பலகையில் தொடங்குங்கள். பயன்படுத்தத் தெரிந்தவர் பலர். பழுது பார்க்கத் தெரிந்த சிலரில் நீங்களும் ஒருவராகுங்கள்.