முதலில் ஒரு பைக் போகட்டும்

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அடுத்து வந்த வாரங்களில், மன்னார்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நிவாரணப் பொருட்களைப் பிரித்து அடுக்கும் வேலையில் இருந்தேன். சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். தலைக்கணக்குப் பார்த்து, இருப்புப் பார்த்து அளந்து போட்டே பழகிய கை. அதனால் இதைச் சொல்கிறேன்: எந்த ஊருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு வராமல் யாரும் லாரியில் சரக்கு ஏற்றக் கூடாது.

கொடுத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. அந்த ஆகஸ்டில்தான் கேரள வெள்ளத்துக்குத் தமிழ்நாடு லாரி லாரியாக அனுப்பியிருந்தது. நவம்பரில் கேரள மின்வாரிய ஊழியர்கள் இங்கே வந்து கம்பம் நட்டார்கள். டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள் சாய்ந்து கிடந்த நேரம் அது. சென்னையிலிருந்து பையன்கள் ராத்திரி முழுக்க வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார்கள். அந்த மனசு பெரிசு. வந்த சாமான்தான் பல நேரம் பொருந்தவில்லை.

பழைய துணி மூட்டை மூட்டையாக வந்தது. அழுக்குச் சட்டை, கிழிந்த பேன்ட், கல்யாண வீட்டுக்குக் கட்டும் ஜரிகைப் புடவை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் ரோட்டோரம் குவிந்து மழையில் நனைந்துகிடந்த துணிகளைப் பார்த்தவர்கள் எங்கள் பக்கத்தில் இன்னமும் இருக்கிறார்கள். உழைத்துச் சாப்பிடுகிறவர்களிடம் மற்றவர் உடுத்திக் கழித்ததை நீட்டினால் அவர்களுக்கு அது அவமானம். கூரை பறந்துபோன வீட்டுப் பெண்கள் என்னிடம் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டது உள்பாவாடை, நைட்டி, நாப்கின். ஆம்பளைகள் நிற்கிற லாரியடியில் எந்தப் பெண் போய் இதைக் கேட்பாள்? மற்றபடி எல்லோரும் கேட்டது தார்ப்பாய், கொசுவத்தி, மெழுகுவத்தி. எங்கள் பக்கத்துக் கொசு தெரிந்தவர்களுக்குக் கொசுவத்தியின் அருமை தெரியும்.

அதைவிடப் பெரிய தேவை ஒன்று இருந்தது. கரன்ட் இல்லாததால் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை. வாடகைக்கு ஒரு ஜெனரேட்டரும் டீசலும் கொண்டுவந்தால் ஊருக்கே குடிதண்ணீர் கிடைத்துவிடும். மரம் அறுக்கும் மெஷினோடு இரண்டு ஆட்கள் வந்தால், வீட்டின் மேல் விழுந்த தென்னையை எடுத்துவிட்டு ஒரு குடும்பம் உள்ளே போய்ப் படுக்கும். இவற்றை அட்டைப்பெட்டியில் கட்டி அனுப்ப முடியாது என்பதால் பலருக்குத் தோன்றவே இல்லை. 2009இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் காட்டுத்தீ 173 பேரைக் கொன்றது. அங்கேயும் வந்து குவிந்த பொருட்களை வைக்கக் கிடங்கு பிடித்து, பிரித்து அடுக்கவே பெரும் பணம் செலவாயிற்று.

சாமான் சரியாக இருந்தாலும், போய்ச் சேர்ந்த இடம் வேறு கதை. தஞ்சாவூர் வழியாக வந்தாலும் கும்பகோணம், நீடாமங்கலம் வழியாக வந்தாலும் லாரி மெயின் ரோட்டை விட்டு இறங்காது. உள்ரோடு முழுக்க மரம். முத்துப்பேட்டைக்குக் கிழக்கே தில்லைவிளாகம், இடும்பாவனம், தொண்டியக்காடு பக்கமெல்லாம் உள்ளொடுங்கிய ஊர்களுக்கு ஆள் போய்ச் சேரவே சிரமம். ரோட்டோரத்து ஊருக்கு மூன்றாம் தடவை பிஸ்கட் கிடைக்கும்; அதற்கு அப்பால் ஒன்றும் போகாது. ஜனங்கள் லாரியை மறித்தார்கள் என்று அப்போது செய்தி வந்தது. பச்சைப்பிள்ளையை வைத்துக்கொண்டு பசியோடு நிற்கிறவள் கண் முன்னால் சாமான் லாரிகள் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால் அவள் வேறென்ன செய்வாள்? அவர்களைக் கொள்ளைக்காரர்கள் என்று சொன்னவர்கள்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் தீரவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஊருக்குள் லாரி போனாலும் கோயில் வாசலில்தான் இறக்குவார்கள். ஊர்க்கோடியில் இருக்கிற காலனிக்கு மிச்சம் மீதிதான் வரும். பல தடவை அதுவும் வராது. கூரை வீடுகள் அதிகம் இருந்தது அங்கேதான், முழுசாகப் போனதும் அங்கேதான். ஆகவே காலனியிலிருந்து தொடங்குங்கள் என்று வந்தவர்களிடம் நான் வற்புறுத்தினேன். சிலருக்கு அது பிடிக்கவில்லை. பரவாயில்லை.

எங்கள் மண்டபத்தில் உருப்படியாக நடந்தது ஒன்று. செல்போன் கோபுரங்கள் செத்துக் கிடந்ததால் போன் போட்டுக் கேட்க வழியில்லை. பையன்கள் இருவர் ஒரு பைக்கில் முன்னால் போவார்கள். தெருவாரியாக எத்தனை வீடு, கைக்குழந்தை எத்தனை, மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் யார், கர்ப்பிணிகள் யார் என்று நோட்டில் எழுதி வருவார்கள். பெண்கள் விஷயத்தை அந்த ஊர் அங்கன்வாடி அம்மாவிடம் கேட்டுக்கொள்வார்கள். அந்த நோட்டைப் பார்த்து வீட்டுக்கு ஒரு பையாகக் கட்டி, குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியில் ஏற்றி அனுப்புவோம். பெரிய லாரி நுழையாத சந்திலும் குட்டியானை நுழைந்துவிடும். ஒரு பொழுது தாமதம் ஆகும்தான். ஆனால் அப்படிப் போன சாமான் தெருவில் கிடக்கவில்லை, அடிதடியும் இல்லை.

புயலுக்குப் பிறகு அலைந்து எடுத்த அந்தக் கணக்கை மழைக்கு முன்னாலேயே எடுத்து வைக்கலாமே. அங்கன்வாடிப் பதிவேட்டில் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இருக்கிறார்கள், ரேஷன் கடையில் குடும்ப எண்ணிக்கை இருக்கிறது. கூரை வீடு எது, நடக்க முடியாதவர் யார் என்பது ஊராருக்கே தெரியும். அக்டோபர் 2ஆம் தேதி கிராம சபை கூடுகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்குவது பெரும்பாலும் அதற்கு இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான். அன்றைக்கு ஒவ்வொரு ஊராட்சியிலும் அந்தப் பட்டியலைக் காலனித் தெருவையும் சேர்த்து எழுதி, ஒரு பிரதியைப் பள்ளிக்கூடத்திலும் ஒரு பிரதியைத் தாலுகா ஆபீஸிலும் வைக்கட்டும். வெளியூரிலிருந்து உதவ வருகிறவர்களும் சரக்கு ஏற்றும் முன் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கட்டும்.