யானையின் வயிறும் அன்பர் கையும்

திருக்கோயில் யானைக்கு உணவளித்தல் புண்ணியம் என்பதில் எமக்கு ஐயமில்லை. எவ்வுணவு அளித்தல் என்பதே ஈண்டு ஆராயற்பாலது. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்திற்கும் இடையே, முன்னர் ஏரியும் வயலுமாய்க் கிடந்து இன்று மோட்டார்த் தொழிற்சாலைகள் நிரம்பிய நிலத்திலே தொழில் செய்யும் அன்பர் சிலருடன் ஒரு தலயாத்திரை சென்றோம். வண்டியில் 20 பெட்டி லட்டு இருந்தது. யாருக்கென்றோம், கோயில் யானைக்கென்றனர். யாம் தடுத்தோம்; அவர்கள் சினந்தனர்.

அவர் கூற்றாவது: சுவாமிக்குப் படைத்த பொங்கலும், அன்பினால் இட்ட இனிப்பும் ஓருயிர்க்குத் தீங்கு செய்யா என்பது. அது பொருந்தாது. என்னை? வினைக்கீடாக உயிர்கட்கு உடம்பைக் கூட்டுவிப்பவன் இறைவன் என்பதும், அவ்வவ்வுடம்பிற்கு உரிய நுகர்ச்சி வேறு வேறு என்பதும் நம் சித்தாந்தமன்றோ? யானையின் உடம்பு புல்லுக்கும் தழைக்கும் மரப்பட்டைக்கும் அமைந்தது. அஃது ஆவினைப்போல் அசைபோடுவதன்று. நாரைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் அதன் பெருங்குடற் பகுதியிலேயே வாழ்கின்றன. இவ்வகையில் அது குதிரையை ஒத்தது. உண்டதில் பாதியும் அதற்குச் செரிப்பதில்லை. அதனாலன்றோ காட்டுயானை நாளொன்றுக்கு 16 மணி நேரம் வரை நடந்து நடந்து மேய்ந்து, 150 கிலோவும் அதன் மேலும் பசுந்தீவனம் கொள்கின்றது! ஓயாத அந்நாரோட்டமே குடலை இயக்குவது. அதன் நடுவே சோற்றையும் சர்க்கரையையும் மிகுதியாய்ச் செலுத்தின், அவை விரைந்து புளித்து வாயு மிகும். குடல் வலி காணும். சிலபோது உயிரே போதலும் உண்டு. முரட்டு நாரை அரைத்துத் தேயவேண்டிய கடைவாய்ப் பற்களும் மென்சோற்றால் முறையாய்த் தேயா.

கவளம் ஊட்டுதல் பண்டே உள்ளதன்றோ எனின், உண்டு. முதுமலைத் தெப்பக்காட்டு முகாமிலும் கேழ்வரகும் கொள்ளும் வேகவைத்து உருட்டி ஊட்டுகின்றனர். ஆயின் அவ்யானைகள் காட்டில் மேய விடப்படுவன. கவளம் அங்கே துணையுணவு. கருங்கற்றளத்தில் சங்கிலியோடு நிற்கும் யானைக்கோ கவளமே முதலுணவாகி, அதன்மேல் அன்பர் கைப்பொருளும் சேர்கின்றது. மேய்ச்சலில்லை, நடையில்லை, உடல் பெருக்கின்றது, அதனைத் தாங்கும் பாதம் புண்படுகின்றது.

அரசினர் இதனை அறியாதவரல்லர். 2003-ஆம் ஆண்டில் முதுமலையிலும், பின்னர் மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியிலும் கோயில் யானைகட்குப் புத்துணர்வு முகாம் நடத்தினர். 2011-இல் வளர்ப்பு யானைகட்கென விதிகளும் வகுத்தனர். ஒரகடத்தார்க்கு அணித்தாகிய காஞ்சிபுரத்து யானைகள் மூன்று, 2019-இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த எம்.ஆர். பாளையத்து மறுவாழ்வு மையத்திற் சேர்க்கப்பட்டன. சேலம் சுகவனேசுவரர் கோயில் யானை இராஜேஸ்வரி எழமாட்டாது கிடந்து, கருணைக் கொலைக்கு உயர்நீதிமன்றம் இசைவளித்த நிலையில், 2018 ஏப்பிரலில் தானே இறந்தது. அதன் நோய் உணவால் வந்ததென யாம் கூறோம். கால் கெட்ட யானைக்குத் தன்னுடலே பெருஞ்சுமையாதலை நாடறிந்தது.

திருவானைக்காவில் ஈசனை வழிபட்ட யானை, நாவற்காட்டில் தானே மேய்ந்து, காவிரி நீரைத் துதிக்கையால் முகந்து வந்து ஆட்டியதென்பர். அதற்கு எவரும் லட்டு ஊட்டியதாகக் கேட்டிலேம்.

அன்பர்காள்! 20 பெட்டி லட்டின் விலைக்குச் சோளத்தட்டையும் தென்னைமட்டையும் ஆலந்தழையும் எத்துணைக் கட்டு வரும் என்று கணக்கிடுங்கள். அவற்றை வாங்கிக் கோயிலார் கையில் ஒப்புவியுங்கள். யானையின் வாயில் நீங்களே எதனையும் இடாதீர்கள். பாகன் மறுக்கவில்லையே என்பீராயின், நீர் நீட்டும் காசை நம்பியிருக்கும் எளியவன் எங்ஙனம் மறுப்பான்? இன்னும் எம்மோடு வாதிட விரும்புவோர், ஒரு விடியலில் யானை கட்டுமிடத்திற்குச் சென்று, பாகன் இலத்தியைக் கோல்கொண்டு கிளறிப் பார்ப்பதைக் காண்க. அது நார்நாராய்க் கிடப்பின் அவன் முகம் தெளியும். கூழாய்க் கிடப்பின், நேற்று யார் என்ன கொடுத்தார் என்று வினவுவான். அவ்வினாவிற்கு விடை கூறிவிட்டு வருக.