பரிசு பெறும் தீர்வும் பட்டினி கிடக்கும் கோரிக்கையும்

ஒன்றியக் கல்வி அமைச்சகம் 2017 முதல் ‘ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான்’ என்னும் போட்டியை நடத்திவருகிறது. அமைச்சகங்கள் தத்தம் சிக்கல்களைப் பட்டியலிட்டுத் தரும். கல்லூரி மாணவர்கள் குழுக்களாகச் சேர்ந்து தீர்வு காண வேண்டும். மருத்துவமும் பொதுச் சுகாதாரமும் அப்பட்டியலில் தவறாமல் இடம்பெறுகின்றன. மென்பொருள் பிரிவின் இறுதிச்சுற்று இடைவிடாது 36 மணி நேரம் நடைபெறும். வென்றோருக்குப் பரிசு உண்டு. பிரதமர் காணொலியில் பாராட்டுவார்.

இதே நாட்டில் இன்னொரு 36 மணி நேரமும் இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரியின் கருத்தரங்க அறையில், பாலியல் வன்கொடுமைக்குள்ளாக்கப்பட்டுக் கொலையுண்டு கிடந்த முதுநிலை மாணவி, 36 மணி நேரத் தொடர்பணியின் நடுவே சற்றே கண்ணயர அங்கே சென்றவர். பயிற்சி மருத்துவர்களின் பணி பொதுவாகத் தொடர்ந்து 12 மணி நேரத்தையும் வாரத்துக்கு 48 மணி நேரத்தையும் தாண்டலாகாது என்பது 1992ஆம் ஆண்டின் ஒன்றிய அரசு விதி. விதி ஏட்டில் உறங்குகிறது. மாணவர்கள்தாம் உறங்க இடமின்றித் தவிக்கிறார்கள்.

அந்தக் கொலைக்குப் பின் வங்கத்தின் இளம் மருத்துவர்கள் நீதியை மட்டும் கேட்கவில்லை. பொதுச் சுகாதாரத்துக்குத் தீர்வுகளையும் முன்வைத்தார்கள். மருத்துவமனைகளை இணைக்கும் மையப் பரிந்துரை முறை வேண்டும். எங்கே எத்தனை படுக்கைகள் காலியாக உள்ளன என்பதை எவரும் காணும்படி மின்னணுப் பலகை வேண்டும். காலியான மருத்துவர், செவிலியர், ஊழியர் பணியிடங்களை நிரப்ப வேண்டும். பணியிடத்தில் ஓய்வறையும் கழிப்பறையும் வேண்டும். மாணவர் பேரவைத் தேர்தல் நடத்த வேண்டும் என்பன அவர்களுடைய பத்து அம்சங்களுள் சில.

இவற்றின் பொருளை எண்ணிப் பாருங்கள். மாவட்ட மருத்துவமனையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டோடு நகரத்துக்கு அனுப்பப்படும் ஏழை நோயாளி, படுக்கை இருக்கிறதா என்றறியாமலே வாயில் வாயிலாக அலைகிறார். அந்த அலைச்சலில் தரகன் பிழைக்கிறான். அலைந்து சலித்த உறவினரின் சினமோ, அமைச்சர் மீது பாய்வதில்லை. எதிரே நிற்கும் பயிற்சி மருத்துவர் மீதே பாய்கிறது. ஆக, நோயாளியின் உரிமையும் மருத்துவரின் பாதுகாப்பும் ஒரே முடிச்சின் இரு நுனிகள். இதனை ஆலோசனை நிறுவனம் எதுவும் கண்டுபிடிக்கவில்லை. வார்டில் விழித்திருந்த மாணவர்களே கண்டுபிடித்தார்கள். ஆனால் அதனைத் திரிணாமுல் அரசின் செவியில் ஏற்ற, அக்டோபர் 5 முதல் 21 வரை தர்மதலாவில் அவர்கள் உண்ணாவிரதம் கிடக்க வேண்டியிருந்தது.

மொழிபெயர்ப்பு மேசையில் அமர்ந்திருப்போருக்குச் சொற்களின் மீது எப்போதும் ஒரு கண் உண்டு. போட்டி அறிவிப்புகளில் வரும் சொல் ‘தீர்வு’. போராட்ட அறிக்கைகளில் வரும் சொல் ‘கோரிக்கை’. மாணவர்கள் சொல்லும் ஒரே செய்தி, செயலியாக வந்தால் தீர்வு என்று பெயர்பெற்றுப் பரிசு வாங்குகிறது. பணியிடமாகவும் நிதியாகவும் உரிமையாகவும் வந்தால் கோரிக்கை என்று பெயர்பெற்றுப் பந்தலில் பட்டினி கிடக்கிறது. இந்தப் பெயர்மாற்றத்துக்குள் ஒரு வர்க்க அரசியல் இருக்கிறது. தீர்வு என்பது சந்தையில் விற்கத்தக்கதாக இருக்க வேண்டும். அரசின் கருவூலத்தைத் தொடலாகாது என்பதே அதன் எழுதப்படாத விதி.

அப்படியானால் கம்யூனிஸ்டுகள் இயந்திரத்துக்கு எதிரிகளா என்று கேட்பார் உண்டு. இல்லை. கேரளத்தின் குற்றிப்புரம் பொறியியல் கல்லூரியில் பயின்ற இளைஞர்கள், பாதாளச் சாக்கடைக்குள் மனிதருக்குப் பதிலாக இறங்கும் ‘பேண்டிகூட்’ இயந்திரத்தை உருவாக்கினார்கள். 2018இல் திருவனந்தபுரத்தில் அன்றைய இடது ஜனநாயக முன்னணி அரசு அதனைக் கைக்கொண்டது. மாணவர் அறிவு மக்களுக்குப் பயன்பட்டதற்கு அது நற்சான்று. ஆயினும் மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்கும் சட்டம் 2013இலேயே வந்துவிட்டது. சாக்கடை மரணத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டுமென 2023இல் உச்ச நீதிமன்றமும் ஆணையிட்டது. சட்டமும் இருக்கிறது, இயந்திரமும் இருக்கிறது, மரணங்கள் நிற்கவில்லை. ஒப்பந்தக்காரரின் கணக்கில் இயந்திரத்தைவிட மனிதர் மலிவு என்பதே காரணம். அக்கணக்கை மாற்றும் மென்பொருள் எதுவுமில்லை. அமைப்பாகத் திரண்ட தொழிலாளரே அதனை மாற்ற முடியும்.

இன்னொரு சான்று. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பத்தினருக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் நுண்சத்து மாத்திரையும் கொடுத்து ஆராய்ந்தார்கள். அக்குடும்பங்களில் புதிதாகக் காசநோய் காண்பது 39 விழுக்காடு குறைந்தது. 2023இல் ‘லான்செட்’ இதழ் இதனை வெளியிட்டது. ஒரு மாணவர் குழு அரிசியையும் பருப்பையும் போட்டிக்கு அனுப்பியிருந்தால் எந்த நடுவர் பரிசளித்திருப்பார்? அரிசிக்குக் காப்புரிமை இல்லை. பருப்பை வைத்துப் புத்தொழில் நிறுவனம் தொடங்கிப் பங்கு விற்கவும் முடியாது. 2025க்குள் காசநோயை ஒழிப்போம் என முழங்கிய ஆட்சியில், 2024இல் காசநோய் மருந்துகளே தட்டுப்பட்டன என்பதையும் மறந்துவிடலாகாது.

மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளை வகுத்த வள்ளுவர், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து பணிபுரிபவரையும் சேர்த்தெண்ணினார். இன்றைய ஆட்சியாளரின் எண்ணிக்கையில் அந்த நான்காமவர் இல்லை. 2022இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் விருது பெற்ற ஆஷா ஊழியர்கள் பத்து லட்சம் பேரும் இன்றுவரை ‘தன்னார்வலர்’களே. அவர்கள் கையில் செயலி இருக்கிறது, ஊதியம் இல்லை.

உண்மையில் நமக்குத் தீர்வுகளுக்குப் பஞ்சமில்லை. 1946இல் போர் குழு, 10,000 முதல் 20,000 மக்களுக்கு 75 படுக்கைகள் கொண்ட ஒரு மருத்துவமனை என்பதை நீண்டகால இலக்காகப் பரிந்துரைத்தது. இன்றைய அரசு அளவுகோலோ, சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்பச் சுகாதார நிலையம் என்கிறது. 2025க்குள் நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 விழுக்காட்டைப் பொதுச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவோம் என்றது 2017ஆம் ஆண்டுக் கொள்கை. ஒன்றிய, மாநில அரசுகள் யாவும் சேர்ந்து 2021-22இல் செலவிட்டதோ 1.84 விழுக்காடு. இந்த இடைவெளியை மாணவரின் மூளையால் இட்டு நிரப்பிவிடலாம் என்பதே போட்டிகள் பரப்பும் மாயை.

போட்டிக்குச் செல்லும் மாணவர்களை எள்ளுவது நம் வேலையன்று. 36 மணி நேரம் விழித்திருக்கும் அந்த அக்கறை மெய்யானது. அதனை அடைத்துவைக்கும் சட்டகமே பொய்யானது. எனவே, தோழர்களே, அடுத்த போட்டி அறிவிப்பு கல்லூரிப் பலகையில் ஒட்டப்படும் நாளில், மாணவத் தோழர்கள் அதன் அருகில் மற்றொரு தாளையும் ஒட்டட்டும். அண்மையிலுள்ள அரசு மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, இருப்பில் இல்லாத மருந்துகள் எவை என்று நேரில் சென்று கேட்டறிந்து அதில் எழுதட்டும். செவிலியரோடும் ஆஷாக்களோடும் தூய்மைப் பணியாளரோடும் அமர்ந்து அதனைத் தயாரிக்கட்டும். கட்சிக் கிளைகள் அத்தாளை ஊர்க் கூட்டங்களில் படிக்கட்டும்.

அன்று, மாணவர் காணும் தீர்வு மக்கள் எழுப்பும் கோரிக்கையாகும். அதற்கு மதிப்பெண் இட எந்த நடுவரும் தேவைப்படமாட்டார்.