ஆட்டின் சம்மதம்

எளாவூர், பழவேற்காடு முதலிய ஏரிக்கரை ஊர்களிலும், பொதுவாகத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலும், அம்மன் ஜாத்திரை என்றால் கடா வெட்டு உண்டு. வெட்டுவதற்கு முன் ஆட்டின்மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். ஆடு உடம்பைச் சிலுப்பினால் “அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள்” என்று கூவி அரிவாளை ஓங்குவார்கள். சிலுப்பாவிட்டால், சாமிக்கு ஏதோ குறை என்று சொல்லிக்கொண்டு, சிலுப்புகிற வரையில் செம்பு செம்பாக ஊற்றுவார்கள்.

தோழர்களே! தண்ணீர் ஊற்றினால் எந்த ஆடுதான் சிலுப்பாது? மழையில் நனைந்த ஆடும்தான் சிலுப்புகிறது. அப்படியானால் மழை பெய்கிறபோதெல்லாம் ஆடுகள் “எங்களை வெட்டுங்கள்” என்று கேட்கின்றன என்று அர்த்தமா? ஆனால் இந்த வழக்கத்தில் ஓர் உண்மை ஒளிந்து கிடக்கிறது. அந்த ஆட்டுக்குச் சாக இஷ்டமில்லை என்பது வெட்டுகிறவனுக்கு நன்றாய்த் தெரியும். தெரிவதனால்தான் அதன் சம்மதத்தைத் தேடுகிறான். மனத்தில் எழுந்த அந்த உறுத்தலை மதமானது ஒரு செம்புத் தண்ணீரால் கழுவிவிடுகிறது. வலியைக் குறைப்பது அதன் நோக்கமல்ல. வலியைப் பற்றி நினைக்காமலிருக்கச் செய்வதே நோக்கம்.

இதைப் படித்துவிட்டுச் சைவ நண்பர்கள் சந்தோஷப்பட வேண்டாம். நாம் புலால் உண்பவனை இழிவென்று சொல்ல வரவில்லை. உழைக்கிறவன் தின்கிற கறியையும் மீனையும் பாவமென்று சொல்லி, அதைக் கொண்டே அவனைக் கீழ்ஜாதியாக்கினது எந்த ஜீவகாருண்யம்? கன்று செத்துப்போனால் அதன் தோலில் வைக்கோலைத் திணித்து மாட்டின்முன் நிறுத்திப் பால் கறக்கிற நாடு இது. பால் கொடுக்காத காளைக் கன்று எங்கே போகிறதென்று நெய் உண்கிறவர் கேட்பதுண்டா?

இவர்களுடைய ஜீவகாருண்யத்தின் யோக்கியதையை ஒரு சட்டத்திலே பார்க்கலாம். 1950-ல் சென்னை ராஜ்யத்தில் கோயில்களில் மிருகம், பட்சி பலியிடுவதைத் தடுத்துச் சட்டம் செய்தார்கள். ஐம்பது வருஷத்துக்கு மேல் அது ஏட்டில் கிடந்தது. 2003-ல் திடீரென்று அதை அமல் நடத்தச் சர்க்கார் உத்தரவிட்டது. கிராமத்து ஏழை ஜனங்களிடம் எதிர்ப்பு எழவே, 2004-ல் அச்சட்டமே ரத்தாயிற்று. நாம் கேட்கிறோம்: அந்தச் சட்டத்தால் ஓர் ஆட்டுக்காவது நோவு குறைந்ததா? கோயிலுக்குள் வெட்டினால் குற்றம். அதே ஆட்டை, அதே அரிவாளால், சாமி பேரைச் சொல்லாமல் வெளியே வெட்டினால் குற்றமில்லை! அது ஆட்டைக் காத்த சட்டமல்ல. கோயிலை ‘சுத்தம்’ செய்த சட்டம்.

நிற்க, இந்து மதத்தை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை விட்டுவிடுவது அறிவாளிகளுக்கு அழகல்ல. இஸ்லாமியர் ஆண்டவன் பேரைச் சொல்லி அறுக்கிறார்கள். யூதரும் தங்கள் முறைப்படியே அறுக்கிறார்கள். சீக்கியர் ஒரே வெட்டில் தலை விழ வேண்டுமென்கிறார்கள். கத்தி கூராயிருக்க வேண்டும், பிராணியை வதைக்கக் கூடாது என்று இஸ்லாத்தில் சொல்லியிருப்பது வாஸ்தவம். அக்காலத்துக்கு அது நல்ல புத்தியே. ஆனால் இன்று விஞ்ஞானம் சொல்வதென்ன? கழுத்தறுபட்ட ஆடு சில விநாடிகளில் நினைவிழக்கிறது. மாட்டுக்கோ பிடரி எலும்பின் வழியே வேறு இரத்தக்குழாய் மூளைக்குப் போவதால், சில சமயம் ஒரு நிமிஷத்துக்கு மேலும் நினைவிருக்கிறது. எந்த மந்திரமும் எந்த வசனமும் அந்த ஒரு நிமிஷத்தைக் குறைப்பதில்லை. முன்கூட்டியே மின்சாரத்தாலோ தலையில் அடிக்கும் கருவியாலோ மயக்கினால் குறைகிறது. நியூசிலாந்தில் ஹலால் இறைச்சிக்கும் இப்படி மின்சாரத்தால் மயக்கித்தான் அறுக்கிறார்கள். அதனால் அங்கே இஸ்லாம் அழிந்து போய்விடவில்லை.

நம் நாட்டுச் சட்டமோ 1960-ல் பிராணிகளை வதைப்பது குற்றமென்று சொல்லிவிட்டு, 28-வது பிரிவில், மதம் விதித்த முறைப்படி கொன்றால் குற்றமாகாது என்கிறது. அதாவது ஆட்டுக்கு வலிக்கிறதா என்று பார்க்காமல், வெட்டுகிறவன் யாரைக் கும்பிடுகிறான் என்று பார்க்கிறது! பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ், வாலோனியா பகுதிகளில் 2019 முதல் மயக்காமல் அறுக்கக் கூடாதென்று சட்டம் வந்தது. அது மத சுதந்திரத்துக்கு விரோதமல்ல என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2024-ல் தீர்ப்பளித்தது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. 1933-ல் ஆட்சிக்கு வந்ததும் ஹிட்லர் கூட்டம் மயக்காமல் அறுப்பதைத் தடை செய்தது. அது மாட்டின்மேல் வைத்த பரிவல்ல; யூதன்மேல் வைத்த பகை. இங்கேயும் பசுவின் பேரால் முஸ்லிமையும் தாழ்த்தப்பட்டவனையும் அடிக்கிறவன் பிராணி நேசனல்ல. ஒரு மதத்தாரைப் பார்த்து மட்டும் ஜீவகாருண்யம் பேசுகிறவனை நம்பாதீர்கள்.

ஆகவே நாம் கேட்பது இவ்வளவுதான். 28-வது பிரிவு எல்லா மதத்துக்கும் ஒருங்கே எடுபட வேண்டும். ஓர் உயிரின் கண்முன் மற்றோர் உயிரைக் கொல்லக் கூடாதென்று 2001-ஆம் வருஷத்து அறுப்பு நிலைய விதி சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குப் போய்ப் பாருங்கள், தோலுரித்துத் தொங்குகிற ஆட்டின் கீழேயே அடுத்த ஆடு கட்டப்பட்டிருக்கும். ஒரு லாரியில் ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றக் கூடாதென்று 1978-ஆம் வருஷத்து விதி சொல்கிறது. எளாவூர் வழியாய்ப் போகிற கல்கத்தா சாலையில் நின்று எண்ணிப் பாருங்கள். குற்றம் கடைக்காரனுடையது மட்டுமல்ல. மயக்கும் கருவியும், சுத்தமான அறுப்பு நிலையமும், அதில் வேலை செய்கிறவனுக்குப் பயிற்சியும் நல்ல கூலியும் ஏற்படுத்தாத நகராட்சியும் ஊராட்சியும் குற்றவாளிகளே.

மீனவத் தோழர்களே! “நண்டையும் உயிரோடுதானே கொதிக்க விடுகிறோம்?” என்று நீங்கள் கேட்டால் அதுவும் நியாயமான கேள்வியே. நண்டுக்கும் உணர்ச்சியுண்டென்று 2022-ல் பிரிட்டிஷ் சட்டமே ஒப்புக்கொண்டது. நண்டைப் பலி கேட்கிற சாமி இல்லாததால் அதைப்பற்றி யாரும் பேசவில்லை!

தின்பதற்காகக் கொல்கிறோமென்றால், தின்பதற்காகக் கொல்கிறோம் என்று ஒப்புக்கொள்வோம். அந்தப் பொறுப்பைச் சாமியின் தலையிலோ ஆட்டின் தலையிலோ கட்டாமலிருப்போம். பொறுப்பு நம்முடையதென்று உணர்ந்தவனுக்குத்தான் வலியைக் குறைக்க வழி தேடத் தோன்றும். அடுத்த ஜாத்திரையில் செம்பைத் தூக்குகிறவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.