திரையில் எழும் வீடு

நெடுநாள் படுக்கையில் இருப்போர் சிலர் மடிக்கணினியில் ‘தி சிம்ஸ்’ விளையாட்டைத் திறந்து வீடு கட்டுவதைக் காண்கிறோம். “இந்நேரத்தில் விளையாட்டா?” என்று உடனிருப்போர் கடிந்துகொள்வதும் உண்டு. அவ்வாறு கடிய வேண்டியதில்லை என்பதே எங்கள் கருத்து.

1991-இல் அமெரிக்காவின் ஓக்லாந்து குன்றுகளில் பரவிய தீயில், வில் ரைட் என்னும் விளையாட்டு வடிவமைப்பாளர் தம் வீட்டை இழந்தார். வாழ்வுக்கு வேண்டிய பொருள்களை மீண்டும் ஒவ்வொன்றாகச் சேர்த்த அவ்வனுபவம், 2000-இல் வெளிவந்த ‘தி சிம்ஸ்’ உருவாகத் தூண்டுதலாயிற்று.

நோயுற்றவரின் உணவு, உறக்கம், ஊசி, பரிசோதனை யாவற்றுக்கும் பிறரே நேரம் குறிக்கின்றனர். சுவரை எங்கு எழுப்புவது, சன்னலை எப்பக்கம் வைப்பது என்பதைத் திரையில் அவரே தீர்மானிக்கிறார். பிடிக்காவிடில் இடித்துவிட்டு மீண்டும் கட்டலாம். அவ்வுரிமை சிறிதன்று.

இதில் வேறொரு பயனும் உண்டு. நாற்காலி வழியை மறித்தால், விளையாட்டின் பாத்திரம் நடக்க இயலாமல் கையசைத்து முறையிடும். நடைச்சட்டத்துடன் வீடு திரும்புவோர் நிலையும் அதுவே. ஆகவே அருகமர்ந்து, “நம் வீட்டையே கட்டிப் பார்ப்போமா?” என்று கேளுங்கள். கட்டிலிலிருந்து கழிவறைவரை வழி தடையின்றி உள்ளதா, கைப்பிடி எங்கு வேண்டும் என்பவற்றை இப்போதே பேசிவிடலாம். சக்கர நாற்காலி நுழையுமா என்றறிய, கதவின் அகலத்தை மட்டும் வீட்டில் நாடாவால் அளந்து வாருங்கள்.

மருந்து வேளையும் உறக்கமும் தவறாதவரை, அவர் கட்டட்டும்.