போபால்: வாரிசுகளைக் கேட்காமல் பேசி முடித்த இரத்த ஈடு



தவறுதலாக ஓர் உயிர் போனாலும் அதற்கு ஈட்டுத்தொகை கொடுத்தாக வேண்டும் என்பது ஷரீஅத்தின் சட்டம். அதைப் பெற்றுக் கொள்வதா, மன்னித்து விட்டுவிடுவதா என்று சொல்லும் உரிமை இறந்தவரின் வாரிசுக்குத்தான் உண்டு. ஊர்ப் பெரிய மனிதருக்கோ ஆட்சியாளருக்கோ கிடையாது. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக் கொண்டு போபாலைப் பாருங்கள்.

1984 டிசம்பர் 2 நள்ளிரவு. யூனியன் கார்பைடு பூச்சிமருந்துத் தொழிற்சாலையின் 610ஆம் எண் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. உள்ளே இருந்த மீத்தைல் ஐசோசயனேட் கொதித்தெழுந்து சுமார் 40 டன் விஷம் காற்றில் கலந்தது. தொட்டியைக் குளிர்விக்கும் இயந்திரம் பல மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரிக்க வேண்டிய கோபுரத்தின் குழாய் கழற்றப்பட்டுக் கிடந்தது. செலவைச் சுருக்கினார்களாம்! ஜே.பி. நகரிலும் காஜி கேம்ப்பிலும் உறங்கிய ஏழைகள் கண்ணெரிச்சலோடு எழுந்து ஓடினார்கள்; ஓடிய வழியிலேயே விழுந்தார்கள். கப்ருஸ்தானும் சுடுகாடும் ஒருசேர நிரம்பின. பத்திரிகையாளர் ராஜ்குமார் கேஸ்வானி 1982லேயே எச்சரித்து எழுதியிருந்தார். யார் காதில் விழுந்தது?

நிறுவனத் தலைவர் வாரன் ஆண்டர்சன் டிசம்பர் 7 அன்று போபாலில் கைதானார். 25 ஆயிரம் ரூபாய் ஜாமீன். அன்றே மாநில அரசின் விமானத்தில் டெல்லிக்கு அனுப்பி வைத்தார்கள். பிறகு அவர் இந்திய நீதிமன்றத்தின் படியேறவே இல்லை. 1992ல் தேடப்படும் குற்றவாளியாக அறிவிக்கப்பட்டு, 2014ல் அமெரிக்காவில் நிம்மதியாக மரணமடைந்தார்.

இப்போது ஈட்டுத்தொகைக்கு வருவோம். 1985ல் மத்திய அரசு ஒரு சட்டம் இயற்றி, பாதிக்கப்பட்ட அனைவருக்காகவும் வழக்காடும் உரிமையைத் தன் கைக்கு எடுத்துக் கொண்டது. 330 கோடி டாலர் கேட்டது. 1989 பிப்ரவரியில் 47 கோடி டாலருக்கு உச்ச நீதிமன்றத்தில் சமரசம் செய்து கொண்டது. கணவனை இழந்தவளிடம் கேட்டார்களா? பிள்ளையைப் பறிகொடுத்தவனிடம் ஒரு வார்த்தை? கிரிமினல் வழக்குகளையும் சேர்த்தே கைகழுவினார்கள். மக்கள் போராடிய பிறகே 1991ல் அவை உயிர் பெற்றன. நுரையீரல் கெட்டுப் போன பெரும்பாலோருக்கு முதலில் கிடைத்தது 25 ஆயிரம் ரூபாய். ஆண்டர்சனின் ஜாமீன் தொகையும் அதுதானே!

1996ல் குற்றச்சாட்டு 304-ஏ பிரிவாகக் குறைக்கப்பட்டது. லாரி மோதி ஆள் இறந்தால் போடப்பட்டு வந்த அதே பிரிவு. 2010ல் தீர்ப்பு வந்தது: இரண்டாண்டுச் சிறை, அன்றே ஜாமீன். கூடுதல் இழப்பீடு கேட்ட மத்திய அரசின் மனுவும் 2023 மார்ச்சில் தள்ளுபடியானது. பாதிக்கப்பட்டோருக்கான காப்பீட்டைக் கூட எடுக்காமல் விட்ட அரசை அந்தத் தீர்ப்பே கண்டித்தது.

வணிகப் பெருமக்களே, இதை அடுத்தவர் கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலைகளின் கழிவுத் தொட்டி உடைந்து 10 தொழிலாளர்கள் உறங்கிய இடத்திலேயே மாண்டார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அந்த வட்டாரத்தின் தோல் தொழிலில் நம் சமுதாயத்தின் பங்கு எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியும். கார்பைடுக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயமா?

இளைஞர்களே! விஷவாயுவால் பார்வையும் நுரையீரலும் பாதிக்கப்பட்ட அப்துல் ஜப்பார், போபாலின் ஷாஜஹானி பூங்காவில் சனிக்கிழமை தோறும் பெண்களைத் திரட்டி 2019ல் மரணிக்கும் வரை போராடினார். அவர்களில் பர்தா அணிந்தவர்களும் இருந்தார்கள், பொட்டு வைத்தவர்களும் இருந்தார்கள். வீதியிலும் போராடினார், நீதிமன்றத்திலும் வழக்காடினார். பத்மஸ்ரீ விருது அவர் போன பிறகே வந்தது. தொழிற்சாலையில் கிடந்த 337 டன் நச்சுக் கழிவைக்கூட 2025ல்தான் அங்கிருந்து அகற்றினார்கள். மண்ணுக்குள் ஊறியது இன்னும் அங்கேயே இருக்கிறது.

உங்கள் ஊரில் ரசாயனம் கையாளும் ஆலை இருக்கிறதா? விபத்து நேர்ந்தால் மக்களை வெளியேற்றும் திட்டம் என்ன, காப்பீடு எடுக்கப்பட்டுள்ளதா என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுப் போடுங்கள். ஆலை நம்மவருடையது என்றால் முதல் மனு அங்கிருந்தே தொடங்கட்டும்.