இரண்டு அடமானங்கள்

துபாயில் வீடு வாங்க இந்தியருக்குக் கடன் எளிதில் கிடைக்கும் என்று மனை நிறுவனங்கள் நம் பெருநகர நட்சத்திர விடுதிகளில் கண்காட்சி நடத்துகின்றன. எந்த இந்தியருக்கு என்பதே நமது கேள்வி.

அமீரக மத்திய வங்கி 2020இல் தளர்த்திய விதிப்படி, அங்கு குடியிருக்கும் வெளிநாட்டவர் 50 லட்சம் திர்ஹம் வரை மதிப்புள்ள முதல் வீட்டுக்கு 80 சதவீதம் வரை அடமானக் கடன் பெறலாம். தவணைகள் வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. 25 ஆண்டுகளுக்குள் கடனை அடைக்க வேண்டும். சொத்தின் மதிப்பு 20 லட்சம் திர்ஹம் என்றால் பத்தாண்டுத் 'தங்க விசா'வும் உண்டு.

அந்த மாடங்களைக் கட்டியவர்களுள் பீகார், உத்தரப்பிரதேசம், தெலங்கானா, தமிழகத் தொழிலாளர்களும் உண்டு. மாதம் 4,000 திர்ஹம், அல்லது தங்குமிடத்துடன் 3,000 திர்ஹம் ஊதியம் பெறாதவர் மனைவி மக்களை அழைத்துக்கொள்ளவே விசா கிடையாது. அவரும் அடமானம் வைத்தவர்தான்: மனைவியின் தாலிக்கொடியையும் ஊரில் இருந்த கையகல நிலத்தையும். ஆள்சேர்ப்பு முகவர் 30,000 ரூபாய்க்கு மேல் சேவைக் கட்டணம் பெறக் கூடாது என்ற விதி ஏட்டில் உறங்குகிறது.

"சொந்தப் பணத்தில் வாங்குகிறார்கள், உங்களுக்கு என்ன?" என்று கேட்பார்கள். வெளியே போவது டாலர். அந்த டாலரை நாட்டுக்குள் அனுப்புவோரில் முகாம்களில் எட்டுப் பேர் ஓர் அறையில் உறங்கும் தொழிலாளியும் ஒருவர். 2013இல் ரூபாய் சரிந்தபோது ரிசர்வ் வங்கி, தனிநபர் வெளியே அனுப்பும் தொகையை ஆண்டுக்கு 75,000 டாலராகக் குறைத்து, அதைக்கொண்டு அயல்நாட்டில் வீடு வாங்கவும் தடை விதித்தது. மனம் இருந்தால் முடியும் என்பதற்கு அதுவே சான்று. மறு ஆண்டே தடை நீங்கியது. 2015இல் வரம்பு 2,50,000 டாலராக உயர்ந்தது. குடும்ப உறுப்பினர்கள் தத்தம் வரம்பைச் சேர்த்துக்கொள்ளலாம். நால்வர் குடும்பத்துக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர்! அதே ஆண்டின் பட்ஜெட்டில்தான் மோடி அரசு சொத்து வரியையும் ஒழித்தது. செல்வந்தருக்கு ஒரு கையால் வரிவிலக்கு, மறு கையால் வாசல் திறப்பு.

எனவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. சொத்து வரியை மீண்டும் கொண்டுவருக! வீடு வாங்க டாலர் அனுப்புவதற்குத் தனி உச்சவரம்பு விதித்திடுக! முகவர் கொள்ளையைத் தடுத்து, புலம்பெயர் தொழிலாளிக்குக் குறைந்த வட்டியில் பொதுத்துறை வங்கிக் கடன் வழங்கிடுக! இரண்டு அடமானங்களில் எதை மீட்பது அரசின் கடமை என்று கிளைதோறும் மக்களிடம் கேட்போம்.